இஸ்தான்புல், நான்காம் நாள்: போணி

நேற்று முழுக்க ஹாகியா சோபியா, நீல மசூதி, பூமிக்கடியில் இருக்கும் பழைய நீர்த்தொட்டி என்று அண்ணாந்து பார்த்தும் படி இறங்கியுமே பொழுது போனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்போது மட்டும், "நாளைக்காவது கடைத்தெருப் பக்கம் போவோமா தாயி" என்று கேட்டாள். அதனால் இன்றைக்கு முழுக்கச் சந்தைதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: எங்களுக்கு விருதுநகரில் மளிகைக் கடை. அப்பா போன பிறகு 19 வருடம் கல்லாவில் உட்கார்ந்தது அம்மா. இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். கண்ணை மூடிக்கொண்டு மல்லியைக் கையில் வாங்கி, ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளை இஸ்தான்புல்லுக்கு அழைத்து வந்து மூன்று நாள் மசூதியும் அரண்மனையும் மட்டும் காட்டியிருக்கிறேனே என்று காலையில் எழுந்தபோதே தோன்றியது.

சிர்கெஜியில் டிராம் ஏறினால் நான்காவது நிறுத்தம் பெயாசித். அதற்கு முந்தின நிறுத்தத்தில் ஜன்னல் வழியாகவே ஒரு கருத்த கல்தூண் தெரியும். கி.பி. 330-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இந்த ஊரைத் தன் தலைநகராக்கியபோது நிறுத்திய தூண், இரும்புப் பட்டை போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள். டிராமில் யாரும் தலை திருப்பவில்லை, வேலைக்குப் போகிற கூட்டம். நாங்கள் இறங்கும்போது மணி எட்டே முக்கால்.

கிராண்ட் பஜார் என்று நாம் சொல்வதை அவர்கள் கபலிச்சார்ஷி என்கிறார்கள், கூரை போட்ட சந்தை என்று பொருள். 1453-இல் ஊரைப் பிடித்த உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத், அடுத்த சில வருடங்களிலேயே துணி வியாபாரத்துக்கென்று பூட்டு போட்ட ஒரு கல் மண்டபத்தைக் கட்ட ஆரம்பித்தார். அதைச் சுற்றிக் கடைகள் வளர்ந்து, கடைகளுக்கு நடுவே தெருக்கள் உண்டாகி, தெருக்களுக்கும் கூரை வந்து, இன்றைக்கு 60-க்கும் மேற்பட்ட தெருக்கள், சுமார் 4,000 கடைகள். ஞாயிற்றுக்கிழமை லீவு, அதைக் கவனித்துத் திட்டம் போடுங்கள். உள்ளே நுழைந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை "புது மண்டபம்". மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே, தூணுக்குத் தூண் தையல் மெஷினும் பாத்திரக் கடையுமாக இருந்த பழைய புது மண்டபம். எனக்கும் அந்த வாசனைதான் வந்தது: புதுத் துணி, பித்தளை, யாரோ குடிக்கிற டீ.

தெருப் பெயர்களைக் கேட்டால் இன்னும் பிடித்துப்போகும். பிரதானத் தெருவின் பெயர் கல்பக்சிலார், அதாவது ரோமத் தொப்பி செய்கிறவர்கள். இப்போது அங்கே ஒரு தொப்பி கிடையாது, இரண்டு பக்கமும் தங்கம். மதுரை எழுத்தாணிக்காரத் தெருவில் எழுத்தாணி தேடிப் போனால் கிடைக்குமா, அது மாதிரி. தொழில் போனாலும் பெயரை விடாமல் வைத்திருக்கிற ஊர்கள் மேல் எனக்கு எப்போதுமே தனி மரியாதை உண்டு.

எட்டே முக்காலுக்குப் போனதில்தான் இன்றைய நாளின் நல்லது நடந்தது. பாதிக் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. ஒரு சின்னத் துண்டுக் கடை, கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெஷ்தெமால் என்று ஒரு துண்டு இங்கே பிரபலம், ஹமாம் குளியலுக்குக் கட்டிக்கொள்வது. தொட்டுப் பார்த்தால் நம் ஊர் ஈரிழைத் துண்டின் ஒன்றுவிட்ட தங்கை: மெல்லிசு, சீக்கிரம் காயும், துவைக்கத் துவைக்க மெதுவாகும், ஓரத்தில் குஞ்சம் மட்டும் கூடுதல். அம்மா ஒன்றை விரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கரையை இரண்டு விரலால் இழுத்து, குஞ்சத்தின் முடிச்சை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கடைக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் துண்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பின்னாலிருந்து வேறு ஒன்றைக் கொண்டு வந்து போட்டார். இன்னும் நெருக்கமான நெசவு. யாருக்கும் யார் மொழியும் தெரியாது. எனக்குத் தெரிந்த இருபது துருக்கி வார்த்தைகளுக்கு அங்கே வேலையே இல்லை.

விலை பேசி முடித்தது கால்குலேட்டரில்தான். அவர் ஒரு எண்ணை அடித்துக் காட்ட, அம்மா வாங்கி அழித்துவிட்டு வேறு எண் அடிக்க, இப்படி நான்கு தடவை. "தெய்ஸே, தெய்ஸே" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். தெய்ஸே என்றால் அம்மாவின் சகோதரி, நம் கணக்கில் பெரியம்மா, சித்தி. வயதான பெண்கள் எல்லாரையும் கடைக்காரர்கள் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள், என்னை 'அப்லா', அக்கா. இதைச் சொன்னதும் அம்மா முகத்தில் வந்த மாற்றத்தைப் பார்க்க வேண்டுமே, ஐம்பது லிரா ஏற்றிக் கொடுத்துவிட்டாள்.

அப்புறம்தான் அது. பணத்தை வாங்கினவர் நோட்டைத் தரையில் போட்டார். நான் ஒரு நொடி பதறிப்போனேன். குனிந்து எடுத்து, தாடையில் தடவி, "சிஃப்தா" என்று ஆரம்பித்து ஏதோ சொன்னார். அதில் "பெரெகெத்" என்ற வார்த்தை மட்டும் எனக்குப் பிடிபட்டது. அம்மாவுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. "போணி!" என்றாள் சத்தமாக. "போணிப் பணம்டி இது, நாமதான் போணி பண்ணியிருக்கோம்." கல்லாவில் முதல் நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாளே, அதே மாதிரி கையைக் கண்ணுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் சிரித்துத் தலையாட்டி, நெஞ்சில் கை வைத்தார்.

அவர் சொன்னது என்ன என்று பிறகு ஹோட்டல் பையனிடம் கேட்டேன். "முதல் விற்பனை உன்னால், பெருக்கம் இறைவனால்" என்று அர்த்தமாம். பெரெகெத் என்பது நம் ஊர் முஸ்லிம் கடைக்காரர்கள் சொல்கிற பரக்கத்தேதான். இந்தச் சந்தையைப் பற்றி ஒரு பழங்கதையும் சொல்வார்கள்: ஒரு கடையில் போணி ஆகிவிட்ட பிறகு இரண்டாவதாக வாடிக்கையாளர் வந்தால், "எனக்குப் போணி ஆயிற்று, பக்கத்துக் கடைக்காரருக்கு இன்னும் ஆகவில்லை, அங்கே வாங்குங்கள்" என்று அனுப்பி வைப்பார்களாம். எங்கள் கடைக்கு இரண்டு கடை தள்ளி இருந்த ஒரு பெரியவரிடம் அப்பா அப்படி ஆள் அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு அந்தக் கதையை நம்புவதில் சிரமமில்லை.

தங்கத் தெருவில் ஒரு மணி நேரம் போனது. கண்ணாடிக்குப் பின்னால் வரிசை வரிசையாக முறுக்கு வளையல்கள், 22 காரட், இங்கே 22 அயார் என்கிறார்கள். கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குத் தங்கம் போடுவது, வந்தவர்கள் தங்கக் காசைக் குத்திவிட்டுப் போவது எல்லாம் இங்கேயும் உண்டு, தங்கம் என்றால் முதலில் சேமிப்பு, அப்புறம்தான் அழகு. கிராமுக்கு என்ன விலை, செய்கூலி எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்கிறார்கள். துருக்கிச் செய்திகளில் தினமும் 'கபலிச்சார்ஷியில் இன்று தங்கம்' என்று விலை வரும். நம் பத்திரிகைகளில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று பருப்பு, வத்தல், எண்ணெய் விலை வருகிறதே, அதைச் சின்ன வயதில் சத்தமாகப் படித்துக் காட்டுவது என் வேலையாக இருந்தது. ஒரு ஊரின் பெயரே விலைக்கு அடையாளமாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்று அந்தத் தெருவில் நின்றபோதுதான் உறைத்தது. வாங்கவில்லை. அம்மா ஒரு வளையலைப் போட்டுப் பார்த்துக் கழற்றிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

இன்று வெள்ளிக்கிழமை, அம்மா கவுச்சி சேர்க்க மாட்டாள். இங்கே வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை என்பதால் மசூதிகளில் அந்த நேரம் நம்மைப் போன்றவர்களை உள்ளே விட மாட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி: சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொள்வது. பல்கலைக்கழக மதிலை ஒட்டி ஒரு கால் மணி நேரம் நடந்தால் சுலைமானியே மசூதி. அதன் எதிர்வரிசை முழுக்கக் குரு ஃபசுல்யே கடைகள். வெள்ளை பீன்ஸ் பயறை வெண்ணெயும் தக்காளியும் சேர்த்துக் குழைய வேகவைத்த குழம்பு, பக்கத்தில் சோறு, ஊறுகாய். சில இடங்களில் இறைச்சி போட்டுச் செய்வார்கள், அதனால் "எத்ஸிஸ்" என்று கேட்டுக்கொள்ளுங்கள், இறைச்சி இல்லாதது. நான்கு நாளில் அம்மா இரண்டாவது கரண்டி சோறு கேட்டு வாங்கியது இங்கேதான். குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றிப் பிசைந்து கையால் சாப்பிட்டாள், பரிமாறினவர் ஒன்றும் நினைக்கவில்லை, கூடுதலாக ஒரு எலுமிச்சைத் துண்டு கொண்டு வந்து வைத்தார்.

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்ததும் உள்ளே போனோம். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டதோடு அம்மாவுக்கு வேலை முடிந்தது, நான்தான் வாசலில் துணி வாங்கிக் கட்டிக்கொண்டேன். 1550-இலிருந்து 1557 வரை ஏழே வருடத்தில் சுல்தான் சுலைமானுக்காக அவருடைய தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் கட்டியது. குவிமாட உச்சி தரையிலிருந்து 53 மீட்டர். ஹாகியா சோபியாவில் மேலே பார்த்தால் பிரமிப்பு வரும், இங்கே பார்த்தால் மூச்சு மெதுவாகிறது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழுகிறது. எனக்கு இதுதான் இந்த ஊரின் மிக நல்ல கட்டடம், நேற்று பார்த்தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதில் ஒரு விஷயம் சொல்லாமல் நகர முடியாது. அந்தக் காலத்தில் உள்ளே ஏராளமான எண்ணெய் விளக்குகள் எரியும். அவ்வளவு புகையும் சுவரில் படிந்தால் என்ன ஆகும்? சினான் காற்று போகும் பாதையைக் கணக்குப் போட்டு, கரிப்புகை முழுக்கப் பிரதான வாசலுக்கு மேலே இருக்கிற ஒரு சின்ன அறைக்கு இழுபடும்படி செய்திருக்கிறார். அங்கே சேர்ந்த கரியைச் சுரண்டி எடுத்து எழுதுகிற மை தயாரித்தார்கள். இதைச் சொன்னதும் அம்மா வாசலுக்கு மேலே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்குக் குழந்தையில் விளக்குத் திரியின் கரியைப் பிடித்து விளக்கெண்ணெயில் குழைத்துத்தான் கண்மை போட்டிருக்கிறாள். கரி வீணாகக் கூடாது என்று நினைத்த ஒரு ஆளை அவளுக்கு உடனே பிடித்துவிட்டது. பின்புறத் தோட்டத்தில் சுலைமானின் சமாதி, அவர் மனைவி ஹுர்ரெமின் சமாதி. வடக்கு மூலையில், மதிலுக்கு வெளியே சின்னதாக ஒன்று, அது சினானுடையது. அங்கேயும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வந்தோம்.

சுலைமானியேவிலிருந்து கீழே இறங்குகிற பாதையை யாரும் தவறவிட வேண்டாம். உசுன்சார்ஷி, நீண்ட சந்தை என்று பெயர், பேருக்கு ஏற்ற மாதிரி மலைச்சரிவில் நீண்டுகொண்டே போகிறது. சுற்றுலாக் கடைகள் காணாமல் போய், மரக் கரண்டி, தராசு, தாம்புக் கயிறு, பிளாஸ்டிக் குடம், சாக்கு மூட்டை என்று ஊர்க்காரர்கள் வாங்குகிற சாமான்கள் ஆரம்பிக்கும். முடிகிற இடம் தஹ்தகலே. கைவண்டிக்காரர்கள் கத்திக்கொண்டே வருகிறார்கள், வழிவிடாவிட்டால் இடித்துவிடுவார்கள். அம்மாவின் நடையே மாறிவிட்டது, எனக்கு முன்னால் போக ஆரம்பித்தாள்.

அந்த நெரிசலுக்கு நடுவே, கடைகளுக்கு மேலே, மாடிப்படி ஏறிப் போகிற ஒரு மசூதி இருக்கிறது. ருஸ்தெம் பாஷா மசூதி, அதுவும் சினான் கட்டியதுதான். ருஸ்தெம் பாஷா சுலைமானின் மருமகன், பிரதம மந்திரி. கீழே இருக்கிற கடைகளின் வாடகையில் மேலே இருக்கிற மசூதி நடக்கும், வக்ஃப் ஏற்பாடு. உள்ளே சுவர் முழுக்க இஸ்னிக் என்ற ஊரில் செய்த பூவேலை ஓடுகள், நீலத்துக்கு நடுவே ஒரு சிவப்பு. கிட்டே போய்ப் பார்த்தால் அந்தச் சிவப்பு மட்டும் மேற்பரப்பிலிருந்து லேசாகப் புடைத்துக்கொண்டு, அம்மைத் தழும்பு மாதிரி விரலில் தட்டுப்படும்போல இருக்கிறது. தொடவில்லை, பார்த்தாலே தெரிகிறது.

கீழே இறங்கினால் ஹசிர்ஜிலார் தெரு, பாய் முடைகிறவர்களின் தெரு. அதன் கடைசியில் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை ஆளை நிறுத்திவிடும். 1871-லிருந்து நடக்கிற குருகஹ்வெஜி மெஹ்மெத் எஃபெந்தி கடை, ஜன்னல் ஓரம் ஒரு வரிசை நிற்கும், அரைத்த தூளைச் சூடு ஆறாமல் காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தருகிறார்கள். மைமாவு மாதிரி அவ்வளவு நைஸ். நம் ஃபில்டரில் போட்டால் இறங்கவே இறங்காது என்று அம்மா தொட்டுப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள். தம்பிக்குக் கால் கிலோ வாங்கினோம்.

அங்கேயே மிசிர் சார்ஷிக்குள் நுழையலாம். எகிப்துச் சந்தை. நாம் ஸ்பைஸ் பஜார் என்கிறோம். பக்கத்தில் இருக்கும் புதிய மசூதியின் செலவுக்காக 1660-களில் கட்டியது. கெய்ரோ வழியாகச் சரக்கும் எகிப்திலிருந்து வரிப்பணமும் வந்ததால் இந்தப் பெயர். கெய்ரோவுக்கு அந்தச் சரக்கு எங்கிருந்து போனது என்று யோசித்தால் நம் பக்கத்துக் கடற்கரைக்கே வந்து சேரும்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் குங்குமப்பூ என்று ஒரு டப்பியைக் காட்டினார்கள், விலை ரொம்பக் குறைவு. அம்மா ஒரு சிட்டிகையை எடுத்து நீட்டி வைத்துப் பார்த்தாள். குங்குமப்பூ இழை என்றால் ஒரு முனை எக்காளம் மாதிரி விரிந்திருக்கும், இது வெறும் தட்டை இதழ், மணமும் இல்லை. "இது குசும்பப்பூ" என்று வைத்துவிட்டாள். சாயத்துக்கு நல்ல பூதான், ஆனால் குங்குமப்பூ இல்லை. எனக்குக் கோபம் வந்தது, அம்மாவுக்கு வருத்தம். சரக்கின் பேரை மாற்றிச் சொல்லுவது அவளைப் பொறுத்தவரை எடை குறைப்பதைவிடப் பெரிய தப்பு. வாங்குகிறவர்கள் மணத்தைப் பார்த்து வாங்குங்கள்.

மற்றதெல்லாம் நல்லது. உர்ஃபாப் பக்கத்து மிளகாய், இசொத் என்று பெயர், பகலில் வெயிலில் காயவைத்து ராத்திரியில் மூடி வேர்க்க வைப்பதால் கறுத்த ஊதா நிறமாகி, லேசான புகை வாசனையோடு எண்ணெய்ப் பசையாக இருக்கிறது. சுமாக் என்று ஒரு புளிப்புப் பொடி, கத்தரிக்காய்க்கு நன்றாக வரும் என்று நாக்கில் வைத்ததுமே அம்மா தீர்மானித்தாள். புளிக்கு இங்கே தெமிர்ஹிந்தி, தேங்காய்க்கு 'இந்திய அக்ரூட்' என்கிற மாதிரி ஒரு பெயர். மிளகு எங்கிருந்து என்று கேட்டேன், வியட்நாம் என்றார். இன்றைக்கு உலகத்திலேயே அதிக மிளகு ஏற்றுமதி செய்வது அவர்கள்தான். அம்மா நாலு மணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, பப்பாளி விதை கலக்கவில்லை என்று திருப்தியாகச் சொன்னாள்.

கடைசியில் ஒரு மூட்டையின் முன்னால் நின்றுவிட்டாள். சுக்கு. நம் ஊர்ச் சுக்கேதான், அதே சாம்பல் பூத்த விரல்கள். அட்டையில் "கோக் ஸென்ஜெஃபில்" என்று எழுதியிருந்தது. கோக் என்றால் வேர். ஸென்ஜெஃபில் எங்கிருந்து வந்தது தெரியுமா? தமிழ் இஞ்சியும் வேரும் சேர்ந்து, பாலியில் சிங்கிவேர ஆகி, கிரேக்கத்துக்கும் அரபுக்கும் போய் ஸஞ்சபீல் ஆகி, துருக்கிக்கு வந்து நின்ற பெயர். கடைக்காரரிடம் என் அரைகுறை வார்த்தைகளில் "இஞ்சி வேர்" என்று சொல்லிக் காட்டினேன். அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் சொல்ல வைத்தார். அம்மா ஒரு துண்டை ஒடித்து முகர்ந்தாள். எங்கள் கடையில் இல்லாத சுக்கா? ஆனாலும் நூறு கிராம் நிறுக்கச் சொன்னாள், நானும் ஏன் என்று கேட்கவில்லை.

எமினொனு படகுத்துறையில் படகு ஏறினோம், டிராமுக்கு வைத்திருக்கிற அதே கார்டுதான் இதற்கும். எதிரே ஆசியக் கரையில் இருக்கும் உஸ்குதார் போய்த் திரும்பலாம், கண்டம் மாறுவதற்குக் கால் மணி நேரம் சொச்சம். இடை மெலிந்த கண்ணாடிக் குவளையில் டீ. கலாத்தா பாலத்தில் வரிசையாகத் தூண்டில்கள், மேலே கடற்காகங்கள், சுலைமானியேவுக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறது. அம்மா இதையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். ஊரில் ஒன்பதேகால், தம்பி ஷட்டரை இறக்கப் போகிற நேரம்.

"ஏப்பா, கணக்கு முடிச்சிட்டியா? இங்க சுக்கு வாங்கினேன்."

அவன் அங்கிருந்து ஏதோ கேட்டான், நம்மிடம் இல்லாத சுக்கா என்றுதான் கேட்டிருப்பான். அம்மா பையைத் திறந்து பொட்டலத்தைப் பார்த்தாள்.

"இல்லப்பா, பேரு நம்ம பேருதான். இஞ்சி வேர்னுதான் சொல்றான், கொஞ்சம் வேகமாச் சொல்றான்."

பிறகு கிலோ என்ன விலை என்று அவன் கேட்க, என்னிடம் லிராவுக்கு ரூபாய் கணக்குக் கேட்டு அவனுக்குச் சொன்னாள். படகு கரை தட்டுகிற வரைக்கும் இருவரும் விலைதான் பேசினார்கள். நாளை காலையில் கடிகோய் மீன் சந்தை. சனிக்கிழமை, அம்மாவுக்கு விரதம் எதுவும் இல்லை.